தொற்றுவதும் அண்டுவதும்
ஜித்ராவில் மூத்தோர் சந்திப்பில் ஆற்றிய உரை



உள்ளே வரும்போது ஓர் அம்மா என்னை நிறுத்தி, "தம்பி, நீங்க டாக்டரா?" என்று கேட்டார். இல்லை அம்மா, நான் மொழிபெயர்ப்பாளர். மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும் சுகாதாரக் குறிப்புகளைத் தமிழில் எழுதுவது என் வேலை. மருந்து எழுதிக் கொடுப்பது டாக்டரின் பொறுப்பு. அதற்கு முன்னால் வரும் சொல்லைச் சரியாகப் புரிய வைப்பது என் பொறுப்பு. அந்தப் பொறுப்பில் ஒருமுறை தவறினேன். அதைச் சொல்லித்தான் இன்றைய பேச்சைத் தொடங்க வேண்டும்.

கோவிட் அடங்கிய சமயம். சிரங்கு பற்றிய ஒரு குறிப்பைத் தமிழாக்கினேன். மூலத்தில் 'இன்ஃபெஸ்டேஷன்' என்ற சொல் இருந்தது. 'தொற்று' என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும் என்று நினைத்து அப்படியே எழுதிவிட்டேன்.

எனக்குத் தெரிந்த வீட்டில் ஒரு பாட்டிக்குச் சிரங்கு வந்தது. மகன் அந்தக் குறிப்பைப் படித்துக் காட்டினார். 'தொற்று' என்ற சொல் காதில் விழுந்ததும், கோவிட் காலத்தில் செய்த எல்லாவற்றையும் திரும்பச் செய்தார்கள். பாட்டிக்குப் பின்னறை. தனித் தட்டு, தனித் தம்ளர். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் போகக்கூடாது. கிளினிக்கில் கொடுத்த களிம்பைப் பாட்டி மட்டும் பூசினார். மற்றவர்களுக்கு அரிப்பு இல்லை என்பதால் அவர்கள் பூசவில்லை. பாட்டிக்கு அரிப்பு அடங்கியது. ஒரு மாதத்துக்குள் பேரனுக்கு, பிறகு மருமகளுக்கு, பிறகு மகனுக்கு. கடைசியில் மறுபடியும் பாட்டிக்கே வந்தது.

நான் பார்க்கப் போனபோது பாட்டி சொன்னார்: "அரிப்பைக்கூடத் தாங்கிக்கிட்டேன் தம்பி. புள்ளைங்க என் தட்டைத் தொடாம ஒதுங்கிப் போனதைத்தான் தாங்க முடியல." அந்தக் குறிப்பை எழுதியவன் நான்தான் என்று அவரிடம் சொன்னேன். "இனிமே ஒழுங்கா எழுது" என்று சொல்லிக் காப்பி கொடுத்தார்.

அதனால்தான் இன்று அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு பேச வந்திருக்கிறேன்.

சொல்லின் பொருள் என்ன?

'இன்ஃபெக்‌ஷன்' என்பது தொற்று. கண்ணுக்குத் தெரியாத கிருமி உடம்புக்குள் நுழைந்து பெருகுவதைத் தொற்று என்கிறோம். சளிக்காய்ச்சல், காசநோய், டெங்கி எல்லாம் அந்த வகை.

'இன்ஃபெஸ்டேஷன்' வேறு. பேன், சிரங்குப் பூச்சி, மூட்டைப்பூச்சி, கரப்பான், எலி போன்ற உயிரினங்கள் நம் தோலிலோ, தலையிலோ, படுக்கையிலோ, வீட்டிலோ வந்து தங்கி, அங்கேயே இனம் பெருக்கித் தொல்லை தருவதை அந்தச் சொல் குறிக்கிறது. அதன் லத்தீன் வேருக்குப் பகைவன்போல் வந்து தொல்லை செய்வது என்று பொருள். மனிதனுக்கு மட்டும் அல்ல, கட்டிலுக்கும் சமையலறைக்கும் நெல்வயலுக்கும்கூட அந்தச் சொல்லைப் பயன்படுத்துவார்கள். கட்டிலுக்குத் தொற்று வராது, மூட்டைப்பூச்சிதான் வரும்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? இலங்கைத் தமிழர்கள் பயிரை அழிக்கும் பூச்சிகளைப் 'பீடை' என்கிறார்கள். பூச்சிமருந்து அங்கே 'பீடைநாசினி'. ஆனால் நம் பக்கத்தில் பீடை என்றால் வீட்டுக்குப் பிடித்த கெட்ட காலம் என்று நினைப்போம். நோயாளியைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறகு என் அம்மா அரிசித் தொட்டியில் வேப்பிலை போடும்போது சொல்வது நினைவுக்கு வந்தது: "இதப் போட்டா பூச்சி அண்டாது." அண்டுதல். உங்கள் எல்லாருக்கும் தெரிந்த சொல். பக்கத்தில் வந்து தங்குவது. அடுத்தவரை அண்டிப் பிழைப்பது. இந்த உயிரினங்கள் செய்வதும் அதையேதான். நம் ரத்தத்தை, நம் தோலை, நம் சோற்றை அண்டிப் பிழைக்கின்றன. ஆகவே இன்று நான் 'அண்டுதல்' என்றே சொல்லப்போகிறேன்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? தொற்று என்றால் பெரும்பாலும் நோயாளிக்கு மருந்து கொடுப்போம், கிருமி சாகும். பூச்சி அண்டியது என்றால் நோயாளி ஒருவரைக் கவனித்தால் போதாது. அவரோடு வாழ்பவர்கள், அவர் படுக்கும் இடம், அவர் உடுத்தும் துணி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும். ஒரு மூலையை விட்டுவிட்டாலும் அங்கிருந்து திரும்ப வரும்.

சில நேரம் இரண்டும் சேர்ந்து வரும். பூச்சாடித் தட்டில் ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பெருகுவது அண்டுதல். அந்தக் கொசு கடித்து நம் ரத்தத்தில் டெங்கி வைரஸ் ஏறுவது தொற்று. கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை வீட்டைச் சுற்றித் தேங்கிய தண்ணீரைக் கொட்டினால் போதும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க நம் நாட்டில் 1975ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் போடுவது அந்தச் சட்டத்தின்படிதான்.

சிரங்கு: பூச்சி செய்யும் வேலை

மலாயில் 'கூடிஸ் பூத்தா' என்பார்கள். நம்மில் பலர் இதை உடம்புச் சூடு என்றும், ரத்தம் கெட்டுப் போனது என்றும் நினைக்கிறோம். அப்படி நினைத்தது நாம் மட்டும் அல்ல. ஐரோப்பாவிலும் ரத்தம் கெட்டதால் வருவது என்றுதான் பல நூற்றாண்டு நம்பினார்கள். 1687இல் இத்தாலியில் பொனோமோ என்ற மருத்துவர், செஸ்தோனி என்ற மருந்தாளரோடு சேர்ந்து, சிரங்குக் கொப்புளத்திலிருந்து ஒரு சிறு பூச்சியை எடுத்து உருப்பெருக்கியில் பார்த்து வரைந்து காட்டினார்.

அந்தப் பூச்சிக்கு எட்டுக் கால். நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பெண் பூச்சி தோலின் மேலடுக்கில் வளை தோண்டி உள்ளே முட்டையிடும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்பு, பிறப்புறுப்பு, பெண்களுக்கு மார்பின் அடி ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். அரிப்பு இரவில் அதிகமாகும்.

இப்போது ஒரு முக்கியமான செய்தி. முதல் முறையாகப் பூச்சி ஏறியவருக்கு உடனே அரிக்காது. 4 முதல் 6 வாரம் ஆகலாம். நம் உடம்பு அந்தப் பூச்சியையும் அதன் கழிவையும் ஒவ்வாத பொருளாக அடையாளம் கண்ட பிறகுதான் அரிப்பு தொடங்கும். அந்த நாட்களில் அரிப்பு இல்லாமலே அவர் மற்றவருக்குக் கொடுத்துவிடலாம். அந்தப் பாட்டி வீட்டில் நடந்ததும் அதுதான். "எனக்குத்தான் அரிக்கலையே" என்று சொன்ன மருமகள் மீதும் ஏற்கெனவே பூச்சி இருந்தது.

ஆகவே களிம்பு ஒருவருக்கு மட்டும் அல்ல. ஒரே வீட்டில் இருப்பவர்களும், நோயாளியைக் குளிப்பாட்டித் தூக்கிப் பார்த்துக்கொள்பவரும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே இரவில் பூச வேண்டும்.

வழக்கமாகக் கொடுப்பது 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பு. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, நக அடி, தொப்புள் எதையும் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் கழுவ வேண்டும். நடுவில் கை கழுவினால் கையில் மட்டும் திரும்பப் பூசுங்கள். வயதானவர்களுக்குத் தலையிலும் காதின் பின்னாலும் பூசச் சொல்லலாம். டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பூச வேண்டும், ஏனென்றால் முதல் முறை தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும்.

அதே நாளில் முந்தைய சில நாட்கள் பயன்படுத்திய துணி, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் கொதிநீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்துவிடுங்கள். மனித உடம்பை விட்டுப் பிரிந்தால் அந்தப் பூச்சி பெரும்பாலும் 2, 3 நாளுக்குள் செத்துவிடும்.

பூசி முடித்த பிறகும் 2 முதல் 4 வாரம் அரிப்பு இருக்கலாம். செத்த பூச்சி தோலுக்குள் இருப்பதால் வரும் அரிப்பு அது. "மருந்து கேட்கல" என்று தினமும் பூசாதீர்கள், தோல் புண்ணாகும். நான்கு வாரத்துக்குப் பிறகும் அரித்தாலோ, புதிய கொப்புளம் வந்தாலோ கிளினிக்குக்குப் போங்கள்.

வயதானவர்களுக்கு மட்டும் இன்னொரு எச்சரிக்கை. சாதாரணமாக ஒருவர் உடம்பில் இருப்பது 10, 15 பூச்சிதான். உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு அது ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில்கூடப் பெருகும். தோல் தடித்து, பொருக்குக் கட்டி உதிரும். ஆனால் அரிப்பு அதிகம் இருக்காது. வறண்ட தோல், படை என்று நினைத்துவிடுவார்கள். படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவருக்குக் கையிலும் காலிலும் இப்படிப் பொருக்கு வந்தால், எண்ணெய் தடவிக் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

தட்டும் தம்ளரும் தனியாக வைக்கத் தேவையில்லை. சிரங்கு தட்டில் ஒட்டாது. பெரும்பாலும் தோலோடு தோல் நெடுநேரம் உரசும்போதுதான் ஒட்டும். களிம்பு பூசி முடித்து மறுநாள் காலை பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம். இது அழுக்கால் வருவதும் அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் சிரங்கைக் 'கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்கள்' பட்டியலில் சேர்த்தது. எந்த நேரத்திலும் உலகில் சுமார் 20 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பேனும் மூட்டைப்பூச்சியும்

இந்த இரண்டையும் உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. லயத்து வாசலில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பேன் பார்த்த காலம் உங்களுடையது.

பேன் பறக்காது, குதிக்காது. தலையோடு தலை சேரும்போது ஊர்ந்து போகும். தலையை விட்டு விழுந்தால் ஓரிரண்டு நாளில் செத்துவிடும். ஈர முடியில் ஈர்கொல்லிச் சீப்பால் பொறுமையாக வாருவதும், மருந்தகத்தில் தரும் மருந்தும் போதும். மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம். தீப்பிடித்தால் ஆபத்து, தோலும் வெந்துபோகும்.

மூட்டைப்பூச்சி நோய் பரப்புவதாக நிரூபணம் இல்லை. ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும். சாப்பாடு இல்லாமல் பல மாதம் உயிரோடு இருக்கும். எனவே அறையைப் பூட்டி வைத்தால் பட்டினியில் செத்துவிடும் என்று நம்பாதீர்கள். மெத்தையின் தையல், கட்டில் பலகையின் பிளவு ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். தெருவோரம் யாரோ போட்டுவிட்ட சோபா, மெத்தையை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கொசு மருந்தைப் படுக்கையிலும் உடம்பிலும் அடிக்காதீர்கள். நீங்கள்தான் அதை இரவு முழுவதும் சுவாசிப்பீர்கள்.

எலியும் வெள்ளமும்

2010 நவம்பர் வெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜித்ராவிலிருந்து அலோர் ஸ்டார் வரை தண்ணீர். நெடுஞ்சாலையையே மூடினார்கள். தண்ணீர் வடிந்த பிறகு செருப்பு இல்லாமல் சேற்றை வாரிக் கொட்டியவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள்.

வீட்டில் எலி பெருகுவது அண்டுதல். அதன் சிறுநீரில் இருக்கும் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா, வெள்ளத்திலும் சேற்றிலும் கலந்து, நம் காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாக உள்ளே போவது தொற்று. இதைத்தான் மலாயில் 'கென்சிங் திக்குஸ்' என்கிறார்கள். எலியைப் பிடித்துவிட்டால் காய்ச்சல் குணமாகாது, அதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் எலி வீட்டை விட்டுப் போகாது, அதற்குக் குப்பையை மூட வேண்டும், ஓட்டையை அடைக்க வேண்டும். இரண்டு வேலையும் தனித்தனி. இரண்டையும் செய்ய வேண்டும்.

வெள்ளத்தில் இறங்கி, அல்லது வயலில் வேலை செய்து, ஓரிரு வாரத்தில் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் உடனே கிளினிக்குக்குப் போங்கள். கண் மஞ்சளாகும்வரை காத்திருக்காதீர்கள். போனதும் முதல் வார்த்தையாக "நான் வெள்ளத்துல நின்னேன்" என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் டாக்டருக்கு அது தெரிய வழியில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் காயம் இருப்பதே தெரியாமல் இருக்கும். அவர்கள் பூட்ஸ் போடாமல் சேற்றில் இறங்கவே கூடாது.

தோட்டத்து மண்ணிலிருந்து வந்த புழு

இனி சொல்லப்போவதுதான் இன்றைய பேச்சின் முக்கியமான பகுதி. தூங்கிக்கொண்டிருப்பவர்களைப் பக்கத்தில் இருப்பவர்கள் எழுப்பிவிடுங்கள்.

நீங்கள் வெறுங்காலோடு பால்மரம் சீவியவர்கள். லயத்துக்குப் பின்னால் ஓடையோரமும் காட்டோரமும்தான் அந்தக் காலத்துக் கழிப்பிடம். அந்த மண்ணில் கொக்கிப்புழு இருந்தது. அதன் குஞ்சு, பாதத் தோலைத் துளைத்து உள்ளே போகும். ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் போய்க் கடித்துத் தொங்கும். ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது ஒரு சொட்டு ரத்தத்துக்கும் குறைவுதான். நூறு புழு இருந்தால் மாதத்துக்கு ஏறக்குறைய அரைத் தம்ளர். உடம்பு வெளுக்கும், மூச்சு வாங்கும், கை ஓடாது. அப்படி ரத்தம் வற்றிப் போனவனைச் 'சோம்பேறி' என்று திட்டுவது எளிது.

இந்தப் புழுவுக்காகவே 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறக்கட்டளை கிழக்கு நாடுகளுக்கு ஓர் ஆய்வுக் குழுவை அனுப்பியது. டாக்டர் சாமுவேல் டார்லிங் தலைமையில் வந்த அந்தக் குழு மலாயாத் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆய்வு செய்தது. கழிவறையும் காலணியும் மருந்தும் வந்த பிறகு கொக்கிப்புழு குறைந்தது. அது சில ஆண்டுதான் உயிரோடு இருக்கும். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்து, செருப்புப் போட்டுப் பல ஆண்டு ஆன உங்களுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

ஆனால் அதே மண்ணில் இன்னொரு புழு இருந்தது. பெயர் ஸ்ட்ரோங்கிலாய்டிஸ். நீளம் சுமார் 2 மில்லிமீட்டர், மயிரிழை மாதிரி. 1876இல், இன்று வியட்நாம் என்று அழைக்கப்படும் பகுதியிலிருந்து வயிற்றுப்போக்கோடு திரும்பிய பிரெஞ்சுப் படைவீரர்களிடம் நோர்மான் என்ற மருத்துவர் இதைக் கண்டுபிடித்தார். இதுவும் பாதம் வழியாகத்தான் வரும். ஆனால் கொக்கிப்புழுவுக்கு இல்லாத ஒரு வித்தை இதற்குத் தெரியும். கொக்கிப்புழுவின் முட்டை மண்ணுக்குப் போய்த்தான் குஞ்சாக வேண்டும். ஸ்ட்ரோங்கிலாய்டிஸின் குஞ்சு மண்ணுக்குப் போகாமலே, நம் குடலிலிருந்தே திரும்ப உடம்புக்குள் நுழையும். ஆகவே ஒருமுறை வந்தால் தலைமுறை தலைமுறையாக உள்ளேயே குடித்தனம் நடத்தும். மருந்து கொடுக்காவிட்டால் ஆயுள் முழுவதும் இருக்கலாம்.

இதற்குச் சான்று எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? சயாம் மரண ரயிலிலிருந்து. உங்கள் தகப்பனாரோ பாட்டனாரோ அந்தப் பாதை போடப் போயிருக்கலாம். 1943இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை அங்கே கொண்டுபோனார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். அதே பாதையில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளும் வேலை செய்தார்கள். போர் முடிந்து இருபது, முப்பது ஆண்டுக்குப் பிறகும் அவர்களில் பலருக்கு இந்தப் புழு இருந்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் 1968 முதல் 2002 வரை சுமார் 2000 முன்னாள் கைதிகளைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 12 பேருக்கு இருந்தது. குளிர் நாட்டில் செருப்போடு வாழ்ந்தும் அது அவர்களை விட்டுப் போகவில்லை.

உள்ளே இருந்தால் தெரியுமா? பலருக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்கு அவ்வப்போது வயிற்று வலி, வயிற்றுப்போக்கு. சிலருக்குப் பிட்டத்திலோ இடுப்பிலோ தொடையிலோ சிவந்த கோடு தோன்றி, அரித்து, சில மணி நேரத்தில் பல சென்டிமீட்டர் நகர்ந்து, மறைந்துபோகும். மாதம் கழித்துத் திரும்ப வரும். முன்னாள் கைதிகளில் நோய் இருந்த பெரும்பாலோருக்கு இந்தக் கோடு இருந்தது. இங்கே யாருக்காவது அப்படி வருவது உண்டு என்றால், இன்றே கிளினிக்கில் சொல்லுங்கள்.

ஏன் இப்போது சொல்கிறேன்?

நல்ல உடம்பு இந்தப் புழுவை அடக்கி வைத்திருக்கும். உடம்பின் காவல் தளர்ந்தால் புழு ஒரே வேகத்தில் பெருகி நுரையீரல், மூளை வரை பரவும். அது உயிருக்கே ஆபத்து. காவலைத் தளர்த்துவதில் முதல் இடம் ஸ்டீராய்டு மருந்துகளுக்கு. பிரெட்னிசொலோன், டெக்ஸாமெத்தசோன் என்று பெயர் இருக்கும். ஆஸ்துமாவுக்கும், மூட்டு வாதத்துக்கும், சிறுநீரக நோய்க்கும், தோல் நோய்க்கும் டாக்டர்கள் தேவை அறிந்து கொடுப்பார்கள். அவை நல்ல மருந்துகள்தான். தொடங்குவதற்கு முன் நீங்கள் ஒரு வாக்கியம் சொல்லிவிட வேண்டும்: "டாக்டர், நான் தோட்டத்துல வெறுங்காலோட வேலை செஞ்சவங்க." டாக்டர் வேண்டும் என்று நினைத்தால் ரத்தப் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் செய்வார். இருந்தால் ஐவர்மெக்டின் என்ற மாத்திரை இருக்கிறது. பெரும்பாலும் ஓரிரு நாள் சாப்பிட்டால் போதும். அந்த மருந்தைக் கண்டுபிடித்த ஜப்பானியர் ஓமுராவுக்கும் கேம்பெல்லுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. கடையில் வாங்கும் சாதாரணப் பூச்சி மாத்திரையை ஒருமுறை விழுங்கினால் இந்தப் புழு போய்விடும் என்று நம்ப முடியாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று வீட்டு அலமாரியில் இருக்கிறது. முட்டி வலிக்கு, இடுப்பு வலிக்கு என்று பாசார் மாலாமிலும், போனிலும், தெரிந்தவர் மூலமும் விற்கும் ஜாமு, சூரணம், கேப்சூல். இரண்டே நாளில் வலி பறந்துபோகிறது, பசி எடுக்கிறது, முகம் பூரித்து வருகிறது. "அற்புதமான மூலிகை" என்று பக்கத்து வீட்டுக்கும் வாங்கிக் கொடுக்கிறோம். இப்படிப் பட்ட பொருட்களில் டெக்ஸாமெத்தசோன் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மூலிகை என்று நினைத்து நீங்கள் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறீர்கள். எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், உள்ளே புழு இருந்தால் அதற்குக் கதவைத் திறந்துவிட்டது மாதிரி. சிரங்கு இருந்தால் அரிப்பை மட்டும் மறைத்துப் பூச்சியைப் பெருக விடும்.

ஆகவே வலி மருந்து வாங்கினால் பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து சின்னதாக இருந்தால் பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே நீண்ட நாளாகச் சாப்பிட்டு வந்தால், இன்று கேட்டுவிட்டு நாளையே குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அந்தப் பாட்டிலை அப்படியே பையில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். டாக்டர் திட்டுவார் என்று பயந்து மறைக்காதீர்கள். டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மனத்தில் வைக்க வேண்டியவை

1. பூச்சி அண்டினால் ஒருவருக்கு மட்டும் மருந்து போதாது. ஆள், வீட்டார், துணி, படுக்கை எல்லாம் ஒரே நாளில்.

2. சிரங்குக் களிம்பை அரிப்பு இல்லாதவரும் பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுமுறை.

3. வெள்ளத்தில் நின்ற பிறகு காய்ச்சல் வந்தால், வெள்ளத்தில் நின்றதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

4. ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன், தோட்டத்தில் வெறுங்காலோடு வேலை செய்ததைச் சொல்லுங்கள்.

5. பதிவு எண் இல்லாத வலி மருந்தைச் சாப்பிடாதீர்கள். சாப்பிட்டு வந்திருந்தால் அதைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

6. யாரையும் தட்டைத் தனியாக வைத்து ஒதுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. 'ஒட்டுண்ணி' என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஒட்டிக்கொண்டு உண்பது. ஆட்டுக் காதில் ஒட்டும் உண்ணிக்கும் அந்தப் பெயர் உண்பதால்தான் வந்தது. உண்பது அதன் குணம், அதற்கு நல்லவர் கெட்டவர் தெரியாது. கிராணி வீட்டுக்கும் வரும், லயத்துக்கும் வரும். அது நம்மேல் வந்தது நம் குற்றம் அல்ல. வந்ததை மறைத்தால்தான் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் போகும்.

அந்தப் பாட்டி வீட்டில் பிறகு எல்லாரும் ஒரே இரவில் களிம்பு பூசினார்கள். போர்வைகள் எல்லாம் கொடியில் தொங்கின. அடுத்த வாரமும் பூசினார்கள். இப்போது பேரன் பாட்டி தட்டிலிருந்துதான் அப்பளம் எடுத்துத் தின்கிறான்.

கேள்விகள் இருந்தால் இங்கேயே கேளுங்கள். எல்லார் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருந்தால், தேநீர் நேரத்தில் தனியாக வந்து கேளுங்கள். எனக்குத் தெரியாததை நான் சொல்ல மாட்டேன், தாதியரிடம் அழைத்துப் போகிறேன்.